அந்த சுவிட்சை வைத்தது யார்

என் மினோரிக்கு, அம்மா எழுதுகிறேன். நகோயாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது, துணி காயவில்லை, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் மூன்று வருஷமாக இல்லாத அளவுக்கு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன், லிஸ்பனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். என்ன திடீர்ச் சுகம் என்று கேட்பாய். கமெதானிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகும், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்து ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்களின் சங்கம் மாதாமாதம் நம் காபிக் கடையில்தான் கூடுகிறது. தலைவர் என்று அந்தக் கமெதானி நடு நாற்காலியில் உட்காருவார், நான் சிரித்துக்கொண்டே காபி ஊற்றுவேன். மூன்று வருஷத்துக்கு முன் சங்கத்துக் கண்காட்சியில் நீ செய்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி நீலமாக மின்னிப் புகைந்தபோது அத்தனை பேர் முன்னால் "பொம்பளைப் பிள்ளை வயரிங் இல்லையா, ரைஸ் குக்கர்னு நெனச்சுட்டா போல" என்றாரே, அதை நான் மறக்கவில்லை. நீ கறுப்பு உடை போட்டு, யோகான் இனிப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சங்கத்தார் ஒன்பது பேர் வீட்டு வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்டாய், அதையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ பெட்டியைத் திறக்கவும் இல்லை, சால்டரிங் அயர்னைத் தொடவும் இல்லை.

போன குளிர்காலத்தில் அலமாரியைக் காலி செய்தபோது உன் பெட்டியை ரேடியோ பழுது பார்க்கும் ஹயாசே சானிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "கினுயே சான், இந்த ஸ்டாண்ட்பை சுவிட்ச் உங்க பொண்ணு வச்சதில்ல" என்றார். உன் வயர் எல்லாம் மெழுகு நூலால் கட்டியிருக்கிறது, சுவிட்சுக்குப் போகிற இந்த இரண்டு மட்டும் தொங்குகிறது, சால்டர் மூக்குச்சளி மாதிரி. ஃபியூஸையும் எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட்டிருக்கிறது. கண்காட்சிக்கு முந்தின வாரம் பெட்டி கமெதானி வீட்டில்தானே இருந்தது. உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், நானும் கற்றுக்கொண்டேன் என்று தெரியட்டும். மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற ரெக்டிஃபையர் வால்வு, நீ போட்டது, மெதுவாகத்தான் சூடாகும், அதோடு சேர்ந்து மின்னழுத்தமும் மெதுவாக ஏறும், அதற்குள் மற்ற வால்வுகள் தயாராகிவிடும், மின்னழுத்தத்தைத் தாமதப்படுத்தத் தனியாக சுவிட்ச் எதற்கு? இந்த மேதாவி எந்த கிதார் ஆம்ப்ளிஃபயரிலோ பார்த்துவிட்டு வந்து ரெக்டிஃபையருக்கும் மின்சாரத்தைத் தேக்குகிற முதல் கண்டென்சருக்கும் நடுவில் ஒன்றைச் செருகிவிட்டார். கொதிக்கிற வால்வைக் காலிக் கண்டென்சரோடு ஒரே தட்டில் சேர்த்தால் உள்ளே மின்னல் அடிக்காமல் என்ன செய்யும்? ஃபியூஸ் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் போயிருக்கும், அதன் வாயையும் அடைத்துவிட்டார்.

நான் போய்ச் சொன்னால் பெற்றவள் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். அதனால் புது வால்வும் புது சுவிட்சும் அதே இடத்தில் வையுங்கள், அந்தப் பெரிய ஃபியூஸைத் தொடாதீர்கள் என்றேன். "ஏம்மா, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு மறுபடி வெடிக்கும்" என்று ஹயாசே சான் திட்டினார். "அதுக்குத்தான் கேக்குறேன்" என்றேன். ஏப்ரல் கூட்டத்தில் பெட்டியை மேசையில் வைத்து, தலைவர் கையால்தான் ஆன் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "வால்வு சூடாகட்டும், ரெண்டு நிமிஷம் பொறுக்கணும், அப்புறம்தான் இந்த சுவிட்ச், வால்வுக்கு நாம காட்டுற மரியாதைப்பா இது" என்று பாடம் நடத்திவிட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மே மாதமும் ஆகவில்லை, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போன ஞாயிறு தட்டினார், நீல மின்னல், புகை. கிட்டப் போக ஒருவருக்கும் துணிவில்லை. பிளக் பக்கத்தில் நான் நின்றேன், மூன்று மாதமும் அங்கேதான் நின்றேன். "பிடுங்குங்க கினுயே சான், பிடுங்குங்க!" என்று கமெதானி அலறினார். "மொத மொதல்ல இதுல சுவிட்சு வச்சது யாரு? சொல்லுங்க, பிடுங்குறேன்" என்றேன். இப்ப அதுவா முக்கியம் என்றார். நான் அசையவில்லை. "நான்தான்! நான்தான் வச்சேன், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, பிடுங்கு தாயே!" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினார். பிடுங்கினேன்.

முந்தாநாள் கறுப்பு கோட்டும் யோகான் பெட்டியுமாக வாசலில் வந்து குனிந்தார். "இங்க கடைசியா வாங்க, அவ போன ஒன்பது வீட்டுக்கும் அதே வரிசையில போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். ஒன்பதாவது வீடு அவருடையதே, மனைவியிடம் குனியட்டும். கொட்டுகிற மழையில் குடையோடு போனார். எனக்குப் பாவமாக இல்லை, துளிகூட இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் உறையை ஒட்ட முடியாது. ஆறு மாதம் உட்கார்ந்து நீ கையால் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. கண்காட்சியன்று நீ ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி அதைக் காப்பாற்றினாய். அவர் முதல் தடவை கத்தினபோதே நான் பிடுங்கியிருந்தால் இப்போதும் பிழைத்திருக்கும் என்கிறார் ஹயாசே சான். கருகும் வாசனை எனக்கும் வந்தது மினோரி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்று பிளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மறுபடி நடந்தாலும் அப்படித்தான் நிற்பேன். கோபம் வந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீ நன்றாக இரு. டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றித் தரவா என்று ஹயாசே சான் கேட்டார், அது அவள் கை வேலை, நீங்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
கினுயே