சத்தம் வராத பன்னிரண்டாவது கட்டம்

ஷென்சென்,
செப்டம்பர் 9

தம்பி போஹாவுக்கு,

அக்கா சூயின் எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நகோயாவில் உட்கார்ந்துகொண்டு நீ சொல்லி நான் வாங்கின அந்த எட்டு கோர் குட்டிக் கணினி போர்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். தொண்டை அறுவையில் குரல் போன அம்மா, தண்ணீர் வேண்டுமென்றால் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவாள். மூன்று வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். படத்தைத் தொட்டால் அவள் குரலிலேயே பேசுகிற கைக்கருவி செய்யத்தானே அதை வாங்கினோம்? கடையில் விற்பவை மாண்டரின் மட்டும்தான் பேசும். நம் தியோச்சூ பேச்சை யார் சீந்துகிறார்கள்?

நான் போன் உறை விற்கிறவள், அதில் ஓடுகிற லினக்ஸ் மென்பொருள் பற்றி ஒன்றும் தெரியாது என்று உனக்கு எழுதினேன். "வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு" என்று ஒரு வரி போட்டாய். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன். இந்த ஹுவாச்சியாங்பெய் மின்சாமான் சந்தையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விற்கிறோம், அப்படித்தான் ஏமாறுகிறோம்.

திரையில் வெளிச்சம் வந்தது, தொட்டால் அசையவில்லை. விற்றவனிடம் போனால், எல்லாம் வாங்கினவர்களின் சாட் குரூப்பில் இருக்கிறது என்றான். குரூப்பில் ஐந்நூறு பேர். ஒருவன் கட்டைவிரல் படம் போட்டான், இன்னொருவன் கையேட்டைப் படி என்றான். கையேடே மூன்று பக்கம், அதில் ஒன்று கம்பெனி முகவரி. ஏதோ ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மேலே தொட்டால் கீழே வேலை செய்தது. அம்மா தேநீர்ப் படத்தைத் தொட்டாள், அது வலிக்கிறது என்றது. போதாததற்கு, போர்டின் சூடு அவள் கையைச் சுட்டது. அதை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். விற்றவன் மேலும் உன் மேலும் என் மேலும் அருவருப்பாக வந்தது.

பக்கத்துக் கடை ஓவ் அக்காதான் சொன்னாள்: "வேகம் கிடக்கட்டும்டி. உனக்கு முன்னாடி எத்தனை பேரு அதுல முட்டி மோதி, எழுதி வெச்சிருக்காங்கன்னு பாத்து வாங்கு."

அவள் வீட்டில் சும்மா கிடந்த பழைய போர்டைக் கொடுத்தாள். மெதுவான சாமான்தான். ஆனால் என் அசட்டுக் கேள்வி ஒவ்வொன்றையும் முன்பே யாரோ கேட்டு, யாரோ பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது.

திரையில் மொத்தம் பன்னிரண்டு படக் கட்டம். பதினொன்றில் அம்மாவின் குரல் இருக்கிறது. பன்னிரண்டாவதில் உன் படம் மட்டும்தான். அறுவைக்கு முந்தின நாள் பதிவு செய்தபோது உன் பெயரை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். "அவன்தான் காலைல வர்றேன்னானே. நேர்லயே கூப்பிட்டுக்கறேன்" என்றாள்.

நீ வரவில்லை. மீட்டிங் என்றாய்.

இப்போது அவள் அதிகம் தொடுவது அந்தக் கட்டத்தைத்தான். சத்தம் வராது. கொஞ்சம் பொறுத்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தைத் தொடுகிறாள். "சாப்பிட்டியா?" என்று அவள் குரல் கேட்கிறது. அறையில் நான் மட்டும் இருக்கிறேன். என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நிலாப் பண்டிகைக்கு மூன்கேக் அனுப்பிவைக்காதே. அவ்வளவு கெட்டியானதை அவளால் விழுங்க முடியாது. நீ வா. வந்து, சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சூயின்