தையல் மெஷின் காற்று

பிளாக் ரிவர் கரும்புத் தோட்டம்,
தை மாதம், 1961

அன்புத் தம்பி நாகலிங்கத்துக்கு,

அக்கா பார்வதி எழுதுவது. நீ இங்கிலாந்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நர்ஸ் படிப்புப் படிக்கிறாய். புயலுக்குப் பிறகு போட்ட தகரக் கூரைக்கு அடியில் நாங்கள் வேகிறோம். கோவில் பள்ளியில் கற்ற தமிழில்தான் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் தோட்ட ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்கள். இதைப் பிரித்துவிட்டு நன்றாக முழிக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்தோடு மோதாதே, வீட்டைக் காலி செய்து போர்ட் லூயிஸில் சித்தியிடம் போய்விடு என்று எழுதியிருக்கிறாய். மேஸ்திரி க்ளெமானும் அதையேதான் சொல்கிறார். சர்க்கரை ஆலைக் கொதிகலன் வெடித்து உன் அத்தானுக்கு வலது கால் வெந்த நாளிலிருந்து, வேலைக்கு வராதவனுக்கு வீடு கிடையாது என்று வாசலில் வந்து நிற்கிறார். தைப்பூசம் முடிந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டுமாம். இந்தப் புழுக்கத்தில் புண் ஆறாது என்று அக்கறை வேறு! வெளியே போனால் அடுத்த அறுவடைக்கு ஆலை திறக்கும்போது அத்தானைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் நான் போகமாட்டேன்.

வியர்வை படாமல் புண்ணைக் காயவிடு என்றார் டாக்டர். மின்விசிறி துரை வீட்டில்தான் சுற்றுகிறது. இந்தக் கூலி வீட்டு வரிசைக்கு மின்சாரமே வரவில்லை. என்னிடம் இருப்பது அம்மா கொடுத்த தையல் மெஷின். எப்படியும் காவடிக்காரர்களுக்குத் துணி தைக்க நாள் முழுக்க மிதிக்கிறேன், அந்த மிதி இன்னொரு வேலையும் செய்யட்டுமே என்று தோன்றியது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி இறக்கை செய்தேன். பக்கத்து வீட்டு ஒதில் பழைய சைக்கிள் அச்சு ஒன்று கொடுத்தாள். மெஷின் சக்கரத்திலிருந்து அதற்கு ஒரு வார். ஜன்னலில் வெட்டிவேர் திணித்த கோணிச் சாக்கு, அதன் மேல் ஆணியால் துளைத்த பால் டின்னிலிருந்து சொட்டுத் தண்ணீர். அவ்வளவுதான்.

முதல் நாள் விசிறியைச் சாக்குக்கு வெளியே வைத்துவிட்டேன். அது காற்றோடு தண்ணீரையும் சேர்த்து உள்ளே அடித்தது. வீட்டுக்குள் கொடியில் காயப்போட்டிருந்த ரோஜா நிறக் காவடித் துணியின் சாயம், காவடி எடுக்கப் போகிற கண்ணம்மா தைக்கக் கொடுத்த மஞ்சள் புடவையில் இறங்கிவிட்டது. விரதம் இருக்கிற பொம்பளை, என்ன சொல்வாளோ என்று பயந்தேன். முருகன் தெளித்தது, இதையேதான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் விசிறியை உள்ளே கொண்டுவந்து, சாக்கு வழியாகக் காற்றை இழுக்கும்படி திருப்பினேன். மழை நாளில் பெரிதாகக் குளிராது, பொய் சொல்லமாட்டேன். வெயில் காயும் நாளில் அத்தான் முகம் சுளிக்காமல் தூங்குகிறார். புண்ணின் ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது.

மேஸ்திரிக்குப் பொறுக்குமா? கரும்பு வயல் ஓரத்து வெட்டிவேரை யாரைக் கேட்டுத் தோண்டினாய், அது தோட்டத்துச் சொத்து என்று குதித்தார். யாரையும் கேட்கவில்லை என்றேன். என் புருஷன் காலில் பாதித் தோலை உரித்துக்கொண்டதே உங்கள் ஆலை, அது யாரைக் கேட்டு என்று திருப்பிக் கேட்டேன். வரிசையில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மனுஷன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மறுநாளே ஒதில் மண்வெட்டியோடு அதே வயல் ஓரத்துக்குப் போய்த் தன் வீட்டுக்கும் வேர் கொண்டுவந்தாள். பட்டப்பகலில்!

நேற்று மதியம் தைத்த களைப்பில் மெஷின் பக்கத்துத் தரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். முகத்தில் குளிர்ந்த காற்று பட்டு விழித்தேன். விசிறியை அத்தான் என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, நல்ல காலால் மிதித்துக்கொண்டிருந்தார். கால் வெந்த பிறகு அவர் படுக்கையை விட்டு எழுந்தது நேற்றுதான். நான் அழுதுவிட்டேன், தம்பி. இந்த மூன்று மாதத்தில் என் மேல் காற்றுப் பட்டதே இல்லை.

பூசத்துக்கு மறுநாள் மேஸ்திரி சாவிக்கு வருவார். அத்தான் வாசலில் உட்கார்ந்துதான் பேசுவேன் என்கிறார். இரண்டு வேலை செய்து வார் தேய்ந்துவிட்டது, அங்கே நல்ல தோல் வார் கிடைத்தால் அனுப்பு. போய்விடு என்று மட்டும் இனி எழுதாதே. அங்கேயே இரு அக்கா என்று ஒரு வரி எழுது. நாலு பேர் கேட்க அத்தானுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முருகன் உன்னைக் காக்கட்டும்.

இங்கேயே இருக்கும் உன் அக்கா,
பார்வதி