தேக்கு என்று சொன்ன வீடு

12.8.1991, திங்கள்

வீடு எரிந்து நான்கு நாள் ஆகிறது. முழு வீடு இல்லை, சமையலறையும் அதை ஒட்டிய அறையும். பம்ப் ஸ்டவ் சீறியது, கூரைச் சட்டம் பற்றிக்கொண்டது, ஓடெல்லாம் வெடித்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அம்மாவுக்கு ஒரு புருவம் மட்டும் போய்விட்டது. ஒரகடம் ஊரே வந்து தீயை விட்டுவிட்டு அந்தப் புருவத்தைப் பார்க்கிறது. "இன்னாத்த பாக்குற? மொளைக்கும் போ" என்று விரட்டுகிறாள்.

கம்பெனிக்குப் போனேன். பக்கத்து சீட் கங்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாடி மஞ்சுளா, கருவாடு மாதிரி வர்ற?" லைனே சிரித்தது. நானும்தான்.

15.8.1991

ஒரு நல்ல சேதி. வீட்டு வசதி சங்கத்தில் நைனா கடன் வாங்கியபோது கட்டாயமாகத் தீ இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் "திருட்டுப் பசங்க" என்று திட்டிக்கொண்டே கட்டியிருக்கிறார். நாற்பதாயிரத்துக்கு பாலிசி. ஆனால் கட்டடத்துக்கு மட்டும்தானாம். அம்மாவின் பாத்திரம், என் புடவைகள் எதற்கும் கிடையாது. சுவருக்கு மதிப்பு உண்டு, சுவருக்குள் வேலை செய்கிறவளின் சாமானுக்கு இல்லை. எந்த மகராசன் எழுதிய சட்டமோ!

ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும். முற்றத்தில் மூன்று செங்கல் வைத்துச் சமைக்கிறோம். மழை வந்தால் அதுவும் போச்சு.

18.8.1991, ஞாயிறு

இன்சூரன்ஸ் சர்வேயர் வேதாந்தம் காஞ்சிபுரத்திலிருந்து மொபெட்டில் வந்தார். அவர் வந்த நேரம் பார்த்துத்தானா சுப்பராயனும் வர வேண்டும்? எனக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை பரசுராமனின் அப்பா, மண்ணூர்க்காரர். துக்கம் விசாரிக்க வந்தாராம்.

சம்பந்தியைப் பார்த்ததும் நைனாவுக்கு மார்பு விரிந்துவிட்டது. "மரமெல்லாம் பர்மா தேக்கு சார். இன்னிக்குக் கட்டணும்னா ஒன்னேகால் லட்சம் ஆவும்" என்றார். எங்கள் வீட்டில் தேக்கு! பனஞ்சட்டமும் வேம்பும்தான். ஆணி அடிக்கக்கூட இடமில்லாமல் உளுத்துப்போனது. சர்வேயர் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு யார் என்று கேட்டதும் சுப்பராயன் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது சர்வேயர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நிஜமாவே தேக்குதானா?"

"நீங்கதான் பாத்தீங்களே சார்."

"நான் பாத்தது கரி. கரியில ஜாதி தெரியாதும்மா."

இந்த ஊரில் கரிக்காவது அந்தச் சலுகை இருக்கிறது.

பிறகு கணக்கைச் சொன்னார். எரிந்ததைத் திரும்பக் கட்டப் பதினெட்டாயிரம். பழைய மரம் என்று கழித்தது போகப் பதினைந்து. வீடு நாற்பதாயிரம்தான் பெறும் என்றால் அந்தப் பதினைந்தும் வரும். ஒன்று இருபது பெறும் என்றால், மூன்றில் ஒரு பங்குக்குத்தானே பாலிசி எடுத்திருக்கிறோம்? நஷ்டத்திலும் மூன்றில் ஒரு பங்குதான். ஐயாயிரம்! நைனா ஒரு வாய் பெருமைக்குப் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார்.

மாற்றி எழுதலாமாம். ஆனால் அதே சாட்சி மறுபடி கையெழுத்துப் போட வேண்டும்.

1.9.1991

சண்டை. பதினைந்து நாளாக இதே சண்டை.

"பனஞ்சட்டம்னு நானே போய்ச் சொன்னா அந்தாளு துப்பிட்டுப் போவான்."

"துப்பட்டும் நைனா. அவுரு துப்பறது நம்ம சோத்துல விழாது. மழை விழும்."

"உன் கல்யாணம் நின்னுடும்டீ."

நிற்கட்டும் என்று கத்தினேன். ஆனால் உள்ளே — நிற்கட்டுமா? தெரியவில்லை. பரசுராமனை ஒருமுறைதான் பார்த்தேன். காபி டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். அது பிடித்தது. அவருடைய அப்பா கேட்கிற பத்து பவுனும் ஸ்கூட்டரும் பிடிக்கவில்லை. வீட்டின் விலையை நைனா ஏற்ற ஏற்ற அவர்களும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தேக்கு வீட்டுப் பெண் என்றால் ஸ்கூட்டர், வேப்பமர வீட்டுப் பெண் என்றால் சைக்கிளா? இதற்குப் பெயர் சம்பந்தமாம்.

அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எனக்கு அடுப்பங்கரை வேணும்." நைனா எழுந்து போய்விட்டார்.

8.9.1991, ஞாயிறு

காலையில் நைனா சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மண்ணூர் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போகலாமா என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். போனேன்.

நைனா திண்டாடினார். தண்ணீர் கேட்டார். மழையைப் பற்றிப் பேசினார். நான் வாயைத் திறக்கப் போனேன். "இரு, நானே சொல்றேன்" என்றார். சொன்னார், தலையைக் குனியாமல். "எங்க வூட்ல தேக்கு இல்லீங்க. பனஞ்சட்டம். பொய் சொல்லிட்டேன். நீங்க கையெழுத்து மாத்திப் போட்டாதான் கூரை போட முடியும்."

சுப்பராயன் முகம் கறுத்தது. "அப்போ என்னைப் பொய் சாட்சி ஆக்கிட்டீங்க!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். பரசுராமனின் அம்மா செங்கமலம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். "ஏன்யா, நம்ம வாசக்கதவு தேக்குன்னு இவுங்ககிட்ட சொல்லிக்கினு இருந்தியே, அது இன்னா மரம்? போன மாசம்தானே பெயிண்டு அடிச்சே?"

"நீ உள்ளே போ."

"போறேன். நீ மொதல்ல கையெழுத்தப் போடு. பொம்பள மழையில நின்னு சோறாக்குவாளா?"

நைனா கொண்டுபோன தாளில் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்த விதத்தில் போன தடவை இருந்த ஜோர் இல்லை. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டரைப் பற்றியும்.

பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி அவரே போண்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டு.

16.9.1991

சர்வேயர் வந்து அளந்தார், கட்டடத்தை மட்டும். மதிப்பு நாற்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. பதினைந்தாயிரம் வரும்.

3.10.1991

செக் வந்தது. மேஸ்திரி கோபால் வேலையைத் தொடங்கிவிட்டார். குறையும் மூவாயிரத்துக்கு நானும் நைனாவும் ஓ.டி. பார்க்கிறோம். மண்ணூரிலிருந்து சேதி இல்லை. போகட்டும்.

போகட்டும் என்று எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

20.10.1991, ஞாயிறு

மத்தியானம் பரசுராமன் தனியாக வந்தார். சைக்கிளில். உட்காரும் முன்பே, "எங்கப்பா நான் சூப்பர்வைசர்னு சொல்லியிருப்பாரு. இல்லீங்க. ஆபரேட்டர். இன்னும் பர்மனென்ட்கூட ஆவல" என்றார். ஸ்கூட்டர் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறார். பவுன்? என்று கேட்டேன். அதுவும்தான் என்றார். நைனா இருமினார். அம்மா — ஒன்றரைப் புருவம் வந்துவிட்டது — என்னைப் பார்த்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது. கிளம்புகிறேன் என்று எழுந்தார். சமையலறையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒருத்தருக்கு அரிசி போட்டிருக்கேன்" என்றேன். "சாப்ட்டுட்டுப் போங்க."