ஓர்னெல்லாவின் கல்யாணத்துக்குப் போகும் வழி

ஏப்ரல் 23, செவ்வாய்

ஏழாம் வகுப்பின் பூகோளத் தாள்கள் பாதி திருத்தாமல் கிடக்கின்றன. மியூனிக்கிலிருந்து தங்கை ஓர்னெல்லா போன் செய்தாள். அவளாகக் கூப்பிட்டு மூன்று வருடம்.

"மே பதினெட்டு, சனிக்கிழமை காலைல பதினொண்ணுக்குக் கல்யாணம், பதிவு அலுவலகத்துல. சாட்சிக் கையெழுத்து நீ போடணும். வருவியா, இல்ல ரயில் அட்டவணையப் பார்த்துக்கிட்டே இருப்பியா?"

நாற்பத்தொரு வயதில் மணப்பெண். நாக்கு மட்டும் அப்படியே.

ஏப்ரல் 24

அவள் சொன்னது சுட்டது. உண்மைதானே. மூன்று வருடம் முன்பு அவளுக்கு அறுவை சிகிச்சை என்றதும் மியூனிக் கிளம்பினேன். வெரோனாவில் இணைப்பு ரயில் ஏழு நிமிடத்தில் தவறியது. அடுத்த ரயில் இருந்தது. நான்தான் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன். மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது பக்கத்தில் யாருமில்லை. திட்டம் குலைந்தால் நானும் குலைந்துபோகிறேன் — அவ்வளவுதானா? வேறு ஏதாவதா?

மே 5, ஞாயிறு

திட்டம் தயார். 17ஆம் தேதி இங்கே மொடேனாவிலிருந்து பொலோஞா, அங்கிருந்து நேராக மியூனிக். வண்டி மாற ஐம்பது நிமிடம்! ரயிலுக்குப் பச்சை மை, காத்திருப்புக்கு மஞ்சள்.

எல்வியோ எட்டிப் பார்த்தான். "கல்யாணத்துக்குப் போறியா, சண்டைக்குப் படை நடத்துறியா? விமானத்துல ஒரு மணி நேரம்டி."

விமானத்தில் நான் ஏறமாட்டேன் என்று தெரிந்த புருஷன் பேசுகிற பேச்சா இது?

மே 15, புதன்

வெள்ளிக்கிழமை ரயில் வேலைநிறுத்தம். வெள்ளிக்கிழமையேதான், வேறென்ன!

உடனே பஸ் தேடினேன். மொடேனா – மோனகோ, காலை 8.10, ஏழு மணி நேரம், ஜன்னலோரம். ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. வாங்கிவிட்டேன். என்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றுகிறது.

மே 17, வெள்ளி. மிலான், விடுதி

எப்படி எழுதுவேன்!

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கம்பளிக் கோட்டைப் பார்த்தார். "என்னம்மா, கடல்ல குளிக்கப் போறப்ப இதெல்லாம் எதுக்கு?"

"மியூனிக்ல ஏதுங்க கடல்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையோரப் பலகையைப் பார்த்தேன். ஜெனோவா 20 கி.மீ. மியூனிக் வடக்கே இருக்க, நாங்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தோம்.

இத்தாலிக்காரர்கள் நாமெல்லாம் மியூனிக்கையும் மோனகோ என்றுதான் சொல்கிறோம். கடலோரத்தில் இன்னொரு மோனகோ இருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள் என்று வருஷாவருஷம் வகுப்பில் எச்சரிப்பது யார்? நான்!

ஜெனோவாவில் இறங்கி ஓர்னெல்லாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். மூக்கால் ஒரு சிரிப்பு. "பூகோள டீச்சர்!" அப்புறம், மெதுவாக: "பதினொண்ணுக்கு வர முடியாது, இல்ல?"

"முடியாதுடி."

"சரி."

அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து சொன்ன அதே 'சரி'.

எல்வியோவோ போனில், "வேற ஆள் கையெழுத்துப் போடட்டும். நீ வீட்டுக்கு வந்துடு, லோரே" என்றான். எவ்வளவு சுலபம்! வீட்டுக்குப் போகும் பஸ் எதிரிலேயே நின்றது. கால் அதன் பக்கம்தான் போனது.

ஆனால் மிலான் பஸ்ஸில் ஏறினேன். அங்கே மியூனிக் போகும் ராத்திரி பஸ் நிரம்பிவிட்டது. நாளைக் காலை வண்டி மியூனிக் சேரும்போது மணி ஒன்றரை. கல்யாணம் முடிந்திருக்கும். போய் என்ன செய்யப் போகிறேன்? தெரியாது. போகிறேன்.

மே 18

ஐந்தரை. ஏறிவிட்டேன். ஒன்றரைக்கு வந்துவிடுவேன் என்று ஓர்னெல்லாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மே 19, ஞாயிறு. மியூனிக்

நேற்று நான் போனபோது பதிவு அலுவலகம் பூட்டியிருந்தது. படியில் ஓர்னெல்லா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உப்பு ரொட்டி மென்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை உல்ரிச் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் சாப்பிடப் போயாகிவிட்டது.

"கையெழுத்து யார் போட்டா?"

"இவரோட அண்ணன். கோழி கிளறின மாதிரி." ஏற இறங்கப் பார்த்தாள். "நடந்தே வந்தியா? மூஞ்சியப் பாரு!" பிறகு மீதி ரொட்டியை என் கையில் திணித்தாள்.

இன்று உல்ரிச் முட்டை பொரிக்கிறான். திரும்பிப் போகும் வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. குளித்துவிட்டு வந்த ஓர்னெல்லா என் அறைக் கதவைச் சாத்தினாள். சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினாள்.

"பார்த்துக்கோ. ஒண்ணும் பெரிசு இல்ல."

பெரிசுதான்.