கழற்றி எடுக்கும் அறை

என் துரைக்குட்டிக்கு,

நாளைக் காலையில் உன் அறையைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். உன் பெண்டாட்டிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த அறையைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். தலையாட்டிவிட்டேன்.

நம் வீடு தனித்தனி அறையாக லாரியில் வந்து இறங்கியபோது, "வீடாடா இது? டிபன் கேரியர்" என்று நான் சிரித்தேன். "எங்க வேணா தூக்கிட்டுப் போலாம்மா. இடிக்க வேணாம், ஒரு கூடை குப்பை விழாது" என்றாய். இடித்துத்தான் எடுக்க முடியும் என்றிருந்தால் அவள் கேட்டே இருக்க மாட்டாள்.

அவள்மேல் குறையில்லை. நீ கண்ணை மூடியதிலிருந்து அந்தக் கதவைத் தட்ட எனக்குக் கை எழவில்லை. சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவளும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு பேரும் அப்படியே இருந்துவிட்டோம்.

இன்று மேஸ்திரி வந்து நீ மாட்டிய போல்ட்டையெல்லாம் பார்த்தார். "துருவே இல்லக்கா. பையன் நல்லா மாட்டியிருக்கான்."

"கழட்டத்தானே மாட்டினான்" என்றேன்.

அறை போனதும் கூடத்தில் அந்தக் கதவு இருக்கும் இடம் வெளியே பார்த்துத் திறந்துகிடக்குமாம். "சுவர்ப்பலகை வச்சு மூடிடவா? இல்ல கதவையே விட்டுவைக்கவா? திரும்ப வந்து மாட்டணும்னா கதவு இருந்தா சுலபம்" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான்தான் குனிந்துகொண்டு, "காலையில சொல்றேன்" என்றேன்.

உனக்குத்தானே அவளைத் தெரியும், கண்ணு. கதவை விட்டுவைத்தால் அவள் வருவாளா?

உன் அம்மா