நாளொன்றுக்கு நாற்பது பேர்

ஜனவரி 12

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். தலைநகரத்து நாற்காலி கிடைத்ததும் கடிதம் எழுத மறந்துவிட்டாய் என்று உன் மனைவியிடம் கோள் மூட்டியாயிற்று.

இந்த முறை மழைக்காலம் முழுவதும் ஒரு வயிற்றுப்போக்கு நோயாளிகூட இங்கே படுக்கவில்லை. நாம் இருவரும் இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டை நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் எழுபது பேர் பாயில் கிடந்தார்கள். சலைன் புட்டி தொங்கவிடக் கம்பி போதவில்லை. உன் உயரத்துக்கு நீயே கையைத் தூக்கிக் கம்பியாக நின்றாய்.

இப்போது சிஸ்டர் வாரந்தோறும் கிணறுகளுக்கு மருந்து போடுகிறார். நாளொன்றுக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். "நாம ரெண்டு பேரும் ஈ ஓட்டத்தான் சம்பளம் வாங்கறோம் சார்" என்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன்,
மூக்கன்

பிப்ரவரி 2

அடேய் மூக்கா,

சலைன் கதையை வீட்டில் உரக்கப் படித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உன்னிடம் மறைக்க மனமில்லை. புதிய நிதிக் கொள்கையை வரைவது நான்தான். நாளொன்றுக்கு நாற்பது பேருக்குக் குறைவாக வரும் நிலையங்களுக்கு இனி நிதி இல்லை. பக்கத்து நிலையத்தோடு இணைப்பு. உனக்கு அது பதினெட்டு கிலோமீட்டர். பதறாதே. மார்ச்சில் ஒரு வாரம் மட்டும் எண்ணுவார்கள். மாதம் ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்களை அந்த வாரம் தினமும் வரச்சொல். யார் கேட்கப்போகிறார்கள்?

என்றும் உன்,
நெட்டை

மார்ச் 19

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணும் வாரம் முடிந்தது.

உங்கள் விதிப்படி, கிணறுகளை நான் கவனிக்காமல் விட்டிருந்தால் இந்த நிலையம் பிழைத்திருக்கும். இது உங்களுக்குப் புரியாதிருக்க வாய்ப்பில்லை. வகுப்பில் எப்போதும் என்னை முந்தியவர் நீங்கள்.

நீங்கள் சொன்னதை நான் செய்யவில்லை. ஆனால் சிஸ்டர் ஊரில் வாயைத் திறந்துவிட்டார் போலிருக்கிறது. வியாழன் காலை வராந்தா நிரம்பி வழிந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தையற்காரர் என் எதிரில் அமர்ந்து, "எங்க வலிக்கணும்னு நீங்களே சொல்லுங்க டாக்டர், ஒத்துக்கறேன்" என்றார். "வாயைத் தவிர எல்லா இடமும்னு எழுதுங்க" என்றார் அவர் மனைவி. நரம்பு அகப்படாமல் நீங்கள் கண்கலங்கி ஊசி குத்திய இரண்டு வயதுக் குழந்தை இன்று பள்ளி ஆசிரியை. விடுப்பு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். உங்களை விசாரித்தாள், நலமென்றேன்.

அத்தனை பேரையும் எழுதியிருந்தால் நிலையம் தப்பியிருக்கும். ஆனால் ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் வயிற்றுப்போக்கென்று பதிவேட்டில் ஏறினால் அன்றே அந்தக் கிணற்றை மூடுகிறோம். அதில் பொய் ஏறிவிட்டால் எந்தக் கிணற்றை மூடுவது?

கை கூப்பி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன். தையற்காரர் மட்டும் நகரவில்லை. "பதினெட்டு கிலோமீட்டர் நீங்க நடப்பீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் நானல்ல.

வாரச் சராசரி இருபத்தொன்பது என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டேன். கோப்பு நாளை உங்கள் மேசைக்கு வரும். அடுத்த கையெழுத்து உங்களுடையது.

இப்படிக்கு,
மருத்துவ அலுவலர்