கௌதாரியில் என் பங்கு

அன்புள்ள அப்பாவுக்கு, நதியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் சௌக்கியம். பனியன் கம்பெனியில் செக்கிங்கில்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகள் சினிமாவுக்குப் போனார்கள். நான் குன்னத்தூர் ரோட்டோரக் காட்டில் நடந்தேன். அங்கே ஒரு பெரியவர், உங்களைப் போலவே சுண்டுவில்லில் களிமண் உருண்டையை வைத்து, புதரைப் பார்த்துக் குந்தியிருந்தார். புதரின் அந்தப் பக்கமிருந்து கௌதாரிகளை விரட்ட ஆளில்லை. என் கால் தானாக எதிர்ப்பக்கம் போய்விட்டது. உங்களுக்கு விரட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு மெதுவாக நடந்தேன். கௌதாரிகள் அவர் பக்கம் ஓடின. இரண்டு விழுந்தன.

ஒன்றை என்னிடம் நீட்டினார். "இது வெரட்டுனவீங்க பங்கு, வாங்கிக்க கண்ணு. ஊட்டுக்குக் கொண்டு போயி வறுத்துத் தின்னு."

ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது. கறி சாப்பிட மாட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவரும் நம்பிவிட்டார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடுங்கள். அம்மா உடுத்திய பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

கம்பெனி வேன் வந்துவிட்டது. அப்பா, இப்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் யார் வருகிறார்கள்? யாருமில்லை என்றால் பொங்கல்வரை வில்லை எடுக்காதீர்கள். நான் வந்துவிடுவேன்.

நதியா